நெட்டைக்கு ஒரு சொல்

அந்தப் பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவு தரைக்குக் கீழே இருந்தது. மேலே ஏழு மாடிகளில் படுத்திருப்பவர்களின் விரிப்புகள் காலையில் அழுக்காகக் கீழே இறங்கும். துவைத்து, உலர்த்தி, மடித்த பிறகு சாயங்காலம் மேலே ஏறும். மடிப்பு மேஜையில் இரண்டு பெண்கள். ஒருத்தி நல்ல உயரம். இன்னொருத்தி அவள் தோளுக்கும் எட்டமாட்டாள். யாரும் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நெட்டை, குட்டை, அவ்வளவுதான். குட்டை நெட்டையை அக்கா என்பாள். நெட்டை குட்டையை ‘அடியே’ என்பாள். கோபம் வந்தால் மட்டும் ‘ஏங்க’ என்பாள்.

இருவரும் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே நாளில் வேலைக்கு வந்தவர்கள். அன்று நிரந்தர இடங்கள் ஒன்பது, வந்தவர்கள் பத்துப் பேர். ஆளெடுக்க வந்த அதிகாரி புகைப்படத்துக்காக எல்லாரையும் உயர வரிசையில் நிற்கச் சொன்னார். படம் நன்றாக வந்தது. அந்த வரிசையிலேயே முதல் ஒன்பது பேரை எடுத்துக்கொண்டார்கள். குட்டை முதல் ஆள். நெட்டை பத்தாவது. அவளை ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி மூலமாகச் சேர்த்தார்கள். தற்காலிகம்தான், இரண்டு மாதத்தில் சரிசெய்துவிடலாம் என்று சொன்ன அதிகாரி ஓய்வு பெற்று, பேரப்பிள்ளை பார்த்து, காலமாகியும் ஐந்து வருஷம் ஆகிவிட்டது.

இது ஒன்றும் அவர்களுக்கு மனக்குறையாக இல்லை. ஈரம் போன விரிப்பை ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து உதறி, எதிரெதிராக நடந்து வந்து, மூலைகளைச் சேர்ப்பார்கள். ஒரு நாளைக்கு அறுநூறு தடவை இப்படி நடந்து வந்து ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பார்கள். அதில் நிரந்தரம் யார், தற்காலிகம் யார் என்று பார்க்க நேரமில்லை.

பிரச்சினை ஓர் ‘அண்ணே’யில் ஆரம்பித்தது. மருத்துவமனைக்குத் தரச் சான்றிதழ் தருவதற்காக வெளியிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. குழுத் தலைவர் லிஃப்டில் ஏறியபோது லிஃப்ட்காரர், “அண்ணே, கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க, கதவு மூடணும்” என்று சொல்லிவிட்டார். கதவு மூடியது. தலைவர் தமது அறிக்கையில், இந்த நிறுவனத்தில் யாருக்கு யார் உறவு என்பதில் தெளிவில்லை என்று எழுதி இரண்டு மதிப்பெண் குறைத்தார்.

அடுத்த வாரமே மனிதவள அதிகாரி, விளிச்சொல் சீரமைப்புக் குழு என்று ஒன்றை அமைத்தார். கூட வேலை பார்ப்பவர்களை எந்தச் சொல்லால் குறிப்பது, எப்படிக் கூப்பிடுவது என்று அது முடிவு செய்யும். பிரிவுக்கு ஒரு நிரந்தர ஊழியர் உறுப்பினர். சலவைப் பிரிவில் யார் என்று கேட்டு வந்தபோது குட்டை பல்வலிக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது அவள் உறுப்பினர்.

குழு ஏழாவது மாடியில் கூடியது. நாற்காலிகள் உயரமானவை, குட்டையின் கால்கள் தரைக்கு எட்டவில்லை. கூட்டம் முடியும்வரை அவை அந்தரத்திலேயே மரத்துப்போய்த் தொங்கின. அதிகாரி மென்மையான மனிதர். குரலை உயர்த்தமாட்டார். எல்லாருக்கும் தம் கையாலேயே பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் பேசினார்.

“நாம எல்லாரும் இங்க ஒரே குடும்பம். குடும்பமா இருக்கிறதாலதான் தனித்தனியா அண்ணன், தம்பி, அக்கான்னு சொல்லிக்கிட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. உறவு சம்பந்தப்பட்டதை இனிமே நிர்வாகமே மொத்தமாப் பார்த்துக்கும்.”

பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்தார்கள். ‘சக ஊழியர்’ என்றதும் தலைமை மருத்துவர் தயங்கினார். ‘சக’ என்றால் சமம் என்று அர்த்தம் வருகிறது, நாளைக்கு யாராவது அதை நம்பிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். ‘தோழர்’ என்ற சொல் வந்தபோது அதிகாரி எழுந்து போய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு வேலைநிறுத்தம் நடந்திருந்தது. கூட்டாளி என்பது செய்தித்தாளில் ‘கைது’ என்ற சொல்லோடு சேர்ந்துதான் வருகிறது என்றார் காவல் பிரிவுத் தலைவர். பங்காளி வேண்டவே வேண்டாம் என்றார் சட்ட ஆலோசகர், அந்தச் சொல்லோடு வரும் வழக்குகளைத்தான் தாம் முப்பது வருஷமாக நடத்தி வருவதாக. ‘நண்பர்’ என்பதை அதிகாரியே தள்ளுபடி செய்தார். ஊழியர்களுக்கு ஒருவரையொருவர் பிடிக்கிறது என்பதற்கு நிறுவனம் எப்படிப் பொறுப்பேற்க முடியும்? ‘உறுப்பினர்’ கிட்டத்தட்டத் தேறியது. ஆனால் மாற்று அறுவை சிகிச்சை மருத்துவர், தம் பிரிவில் உறுப்பு என்றாலே வெளியே ஒரு வரிசை நிற்கிறது, குழப்பம் வரும் என்றார்.

கடைசியில் அதிகாரி குட்டை பக்கம் திரும்பினார். அடிமட்டக் கருத்தையும் கேட்டுவிடலாம் என்றார்.

“நீங்க கூட வேலை பார்க்கிறவங்களை எப்படிக் கூப்பிடுறீங்க?”

“அக்கான்னுதாங்க.”

“அவங்க உங்க அக்காவா?”

“இல்லீங்க. கூட மடிக்கிறவங்க.”

அதிகாரி வருத்தத்தோடு தலையசைத்தார். “அப்போ பத்தொன்பது வருஷமா தினமும் ஒரு தவறான தகவலைச் சொல்லிக்கிட்டிருந்திருக்கீங்க. உங்க மேல தப்பு இல்லைம்மா. சரியான சொல் குடுக்காம விட்டது எங்க தப்பு.”

தன்னை மன்னித்துவிட்டார்கள் என்பது மட்டும் குட்டைக்குப் புரிந்தது. நன்றி சொன்னாள். சலவைப் பிரிவு ஒப்புக்கொண்டது என்று குறிப்பில் எழுதப்பட்டது.

பதினோரு கூட்டங்கள் நடந்தன. அந்த நாட்களில் நெட்டை விரிப்புகளை ஒற்றை ஆளாக, ஒரு முனையை மேஜை விளிம்பில் கல் வைத்து அழுத்தி மடித்தாள். பதினோராவது கூட்டத்துக்கு வெளியிலிருந்து ஒரு சொல்லாக்க வல்லுநர் வந்து ‘ஒத்திசைவாளர்’ என்ற சொல்லைக் கொடுத்தார். அது யாருக்கும் தெரியாத சொல்லாக இருந்ததால் யாராலும் ஆட்சேபிக்க முடியவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். பதவிக்கு ஏற்றபடி முதல்நிலை, இடைநிலை, கடைநிலை என்று மூன்று அடைமொழிகளும் நிறைவேறின.

குட்டை பதினோரு கூட்டத்திலும் சேர்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கான்ட்ராக்டில் இருப்பவர்களையும் இப்படித்தானே கூப்பிடவேண்டும் என்றாள். பிஸ்கட் மெல்லும் சத்தம் நின்றது. சட்ட ஆலோசகர் அதிகாரியின் காதில் ஏதோ சொன்னார். அப்படிக் கூப்பிட்டால் அவர்கள் இங்கே வேலை செய்வதாக நினைத்துக்கொள்ளக்கூடும் என்று அதிகாரி எல்லாருக்கும் விளக்கினார். அதற்கென்று ஒரு துணைக்குழு போட்டார்கள். துணைக்குழு ஒரு மாதம் யோசித்து ‘புறவரத்துப் பணியாளர்’ என்றது. அதில் பணியாளர் என்பதை ஆலோசகர் அடித்துவிட்டார். மிச்சம் ‘புறவரத்து’. இது குறிப்பதற்கு மட்டுமே உரிய சொல், கூப்பிடுவதற்கு அல்ல. புறவரத்து யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தால், அவர் இருக்கும் திசையைப் பார்த்துப் பொதுவாக ‘கவனிக்கவும்’ என்று சொல்லவேண்டும்.

சுற்றறிக்கை கீழே வந்தபோது கூடவே ஸ்டோர் பட்டியலும் புதிதாக அச்சாகி வந்தது. புறவரத்து என்ற தலைப்பின் கீழே சோப்புத்தூள், கையுறை, நெட்டை, கிருமிநாசினி என்று வரிசையாக இருந்தது. நெட்டை அதை விரலை வைத்துப் படித்தாள்.

“பரவாயில்லடி. கிருமிநாசினிக்கு மேலதான் போட்டிருக்கான்” என்றாள்.

பிறகு பயிற்சி நடந்தது. ஒத்திசைவாளர் என்று நாக்குத் தடுக்காமல் இருபது தடவை சொல்லத் தெரிந்தவர்களுக்கு பேட்ஜ் கொடுத்தார்கள். பிரிவுக்கு ஒரு செவிப் பொறுப்பாளர் நியமனமானார். யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வது அவர் வேலை. சலவைப் பிரிவில் இயந்திரச் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதனால் மணிக்குப் பத்து நிமிஷம் எல்லா இயந்திரங்களையும் நிறுத்தி வைக்க உத்தரவு வந்தது. அந்தப் பத்து நிமிஷமும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். நோட்டில் எழுத ஒன்றும் கிடைக்காத பொறுப்பாளர் அமைதி நிலவுகிறது என்று எழுதினார். சத்தம் இருந்தால் கால்வலி தெரியாது, இப்போது நன்றாகத் தெரிகிறது என்றாள் நெட்டை. அதை யாரையும் விளிக்காமல் சொன்னதால் குற்றமாகவில்லை.

இரண்டாவது வாரத்தில் பாய்லர்காரருக்குக் காலில் அடிபட்டது. ஈர விரிப்பு ஏற்றிய ட்ராலி ஒன்று சரிவில் தானாக உருண்டு வந்தது. அவர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். அதைப் பார்த்த துவைப்புக்காரருக்கு வாயில் முதலில் ‘அண்ணே’தான் வந்தது, பொறுப்பாளர் பக்கத்தில் நின்றதால் அதை முழுங்கிவிட்டு, “கொதிகலன் பிரிவு இடைநிலை ஒத்திசைவாளரே” என்று தொடங்கினார். ‘இடைநிலை’யில் ட்ராலி பாய்லர்காரரின் பாதத்தில் ஏறியது. விசாரணை நடந்தது. நெருக்கடியிலும் நிதானம் தவறாமல் முறையான விளிப்பைப் பயன்படுத்தியதற்காகத் துவைப்புக்காரருக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். பாய்லர்காரர் விழும்போது ‘ஐயோ அம்மா’ என்று கத்தியிருந்தார். நிறுவன வளாகத்தில் உறவுச் சொல் பயன்படுத்தியதற்கு அவருக்கு மெமோ.

வீட்டில் குட்டை இதையெல்லாம் சொன்னபோது பஸ் ஓட்டுநரான அவள் கணவன் சாப்பாட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தான். தங்கள் டிப்போவில் எல்லாரும் எல்லாருக்கும் மச்சான்தான், மேனேஜர் மட்டும் மாமா என்றான். தனக்கும் சிரிப்பு வரும் என்று குட்டை எதிர்பார்த்தாள். வரவில்லை. குழம்பு இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்க வாயெடுத்து, அவனைப் பார்த்து, “கவனிக்கவும்” என்றாள். அவன் சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

குட்டைக்கு இரண்டு மெமோ வந்தது. இரண்டும் ‘அக்கா’வுக்குத்தான். வேண்டுமென்றே சொன்னதல்ல. விரிப்பை உதறும்போது மூச்சோடு சேர்ந்து வந்துவிடுகிறது. மூன்றாவது தடவை வேலைக்கே ஆபத்து என்பதால், அதைத் தவிர்க்க ஓர் உறுதிமொழித் தாளை அதிகாரி அன்போடு அனுப்பி வைத்தார். இன்ன பெயருடைய புறவரத்துக்கும் தனக்கும் எந்த உறவும் இல்லை, இருந்ததில்லை, இனிமேலும் ஏற்படுத்திக்கொள்ளப் போவதில்லை என்று அதில் இருந்தது. குட்டை அதை இரண்டு நாள் இடுப்பில் செருகி வைத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் நெட்டையிடம் காட்டினாள்.

நெட்டை முழுவதும் படித்தாள். “போட்டுக் குடுடி. ரெண்டு பேர்ல ஒருத்தி வேலையாவது நிலைக்கட்டும்” என்றாள்.

மேஜையெல்லாம் ஈரம். காகிதத்தை எங்கே வைப்பது என்று குட்டை சுற்றுமுற்றும் பார்த்தாள். நெட்டை திரும்பிக் குனிந்து முதுகைக் கொடுத்தாள். குட்டை அந்த முதுகின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பேனா அழுத்தியபோது நெட்டைக்குக் கூச்சமெடுத்து உடம்பு குலுங்கியது. கையெழுத்து கோணலாக விழுந்தது. ஆனாலும் செல்லும் என்றார்கள்.

இதற்குப் பிறகு குட்டை யாரையும் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். இருவரும் பேசாமல் மடித்தார்கள். விரிப்பின் மூலைகளைச் சேர்க்கும்போது நெட்டை சில சமயம் கண்ணைச் சிமிட்டுவாள். கண் சிமிட்டுவது பற்றிச் சுற்றறிக்கையில் ஒன்றும் இல்லை.

ஒரு வியாழக்கிழமை காலை, இயந்திரங்கள் நிறுத்தியிருந்த நேரம், விரிப்பின் அந்த முனை கீழே போயிற்று. நெட்டை மூலைகளை விடாமலே சரிந்து உட்கார்ந்து, பிறகு படுத்துவிட்டாள். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்வை. குட்டை அக்கா என்று கூப்பிட்டாள். பொறுப்பாளர் எழுதிக்கொண்டார். ஸ்ட்ரெச்சர் கேட்டுப் போன் செய்தபோது, விழுந்தவர் ஒத்திசைவாளரா புறவரத்தா என்று கேட்டார்கள். புறவரத்து என்றதும், ஸ்டோர் பிரிவைத் தொடர்புகொள்ளச் சொன்னார்கள். அதற்குமேல் பாய்லர்காரர் காத்திருக்கவில்லை. காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, நெட்டையை அழுக்கு ட்ராலியில் விரிப்புகளின் மேல் தூக்கிப் படுக்க வைத்தார். குட்டையும் அவரும் தள்ளிக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போனார்கள். ட்ராலிக்கு வெளியே நெட்டையின் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

இதயத்தில் கோளாறு என்று ஐந்தாவது மாடி வார்டில் சேர்த்தார்கள். நெட்டைக்குக் கணவனோ பிள்ளைகளோ இல்லை. வெளிநாட்டில் ஒரு தம்பி இருந்தான். போனில் பேசிய தம்பி, லீவு கிடைத்ததும் வருகிறேன் என்றான்.

மறுநாள் வேலைக்கு முன்னால் குட்டை பார்வையாளர் கவுன்டரில் போய் நின்றாள். கவுன்டர் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அவங்க உங்களுக்கு என்ன வேணும்?”

குட்டை அக்கா என்றாள். கவுன்டர் பெண் அவளுடைய ஊழியர் அட்டை எண்ணைத் தட்டிப் பார்த்தாள். திரையில் அந்த உறுதிமொழி வந்து நின்றது, கோணல் கையெழுத்தோடு. உறவு இல்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே என்றாள். சரி, கூட வேலை பார்ப்பவர் என்று போட்டுக்கொள்ளச் சொன்னாள் குட்டை. ஒத்திசைவாளர் என்று போட்டால் எடுத்துக்கொள்ளும். ஆனால் நோயாளி ஒத்திசைவாளர் இல்லையே. புறவரத்து என்று போட்டால், புறவரத்தைப் பார்வையிட ஸ்டோர் அதிகாரி மட்டும்தான் வரலாம் என்று காட்டியது. தெரிந்தவர் என்று போடமுடியுமா என்று கேட்டாள் குட்டை. அந்தப் பெண் உண்மையாகவே முயன்று பார்த்தாள். கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. அதில் இருந்த கடைசி வாய்ப்பு ‘தொடர்பில்லை’ என்பது. அதைத் தட்டியதும் அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னது.

குட்டை ஏழாவது மாடிக்குப் போனாள். அதிகாரி அவளை உட்காரவைத்துப் பிஸ்கட் கொடுத்தார். பொறுமையாகக் கேட்டார். மூன்றாவது ‘அக்கா’ பற்றிக் குறிப்பு வந்திருக்கிறது, ஆனால் உறுதிமொழி இருப்பதால் வேலைக்கு ஆபத்தில்லை என்றார். இப்படி ஒரு நிலைமைக்குச் சொல் இல்லாமல் போனது குறைதான் என்று ஒப்புக்கொண்டு, மேஜை இழுப்பறையிலிருந்து சொல் ஒதுக்கீட்டு விண்ணப்பம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அடுத்த மாதம் குழு கூடும்போது பரிசீலிப்பார்கள். குழுவில் அவளும் உறுப்பினர் என்பதால், சொந்த விஷயம் வரும்போது அவள் வெளியே நிற்கவேண்டியிருக்கும்.

“அதுவரைக்கும் தாங்குமாங்க?” என்று கேட்டாள் குட்டை.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “உங்க கஷ்டம் எனக்குப் புரியுதும்மா. எனக்கே நடந்திருக்கு. இதே அறையில எதிர் மேஜையில பன்னிரண்டு வருஷம் இருந்தார் ஒருத்தர். போன வருஷம் தவறிட்டார். பேரு... சட்டுனு வரமாட்டேங்குது. அவருக்கும் எனக்கும் என்ன உறவுன்னு விதியில இல்லை. அதனால நான் போகலை. முதல்ல ரெண்டு நாள் ஒரு மாதிரி இருந்தது. அப்புறம் பாருங்க, ஒண்ணுமே இல்லை. இப்போ எனக்கு எதுவுமே ஒண்ணுமில்லாம இருக்கு. அந்த மாதிரி ஒரு நிலைக்கு எல்லா ஊழியர்களையும் கொண்டு வரணும்கிறதுதான் என் ஆசை.”

எதிர் மேஜை காலியாக இருந்தது. அதன் மேல் விண்ணப்பக் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். குட்டை தன்னுடையதையும் நிரப்பி அவற்றின் மேல் வைத்துவிட்டுக் கீழே வந்தாள்.

அன்று மடித்த விரிப்புகளை மேலே கொண்டுபோகும் ஆளிடமிருந்து ஐந்தாவது மாடி ட்ராலியை அவள் வாங்கிக்கொண்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. வார்டு வாசலில் காவலாளி அட்டையைப் பார்க்கவில்லை, ட்ராலியைத்தான் பார்த்தார். விரிப்புகளுக்கு அனுமதி இருந்தது.

நெட்டைக்குக் கட்டில் போதவில்லை. முழங்கால்களை மடக்கிப் படுத்திருந்தாள். மூக்கில் குழாய். குட்டையைப் பார்த்ததும், “வாடி” என்றாள். குரல் காற்றாக வந்தது. குட்டை சுற்றிலும் பார்த்துவிட்டு, “சாப்டியாக்கா?” என்றாள். கட்டிலருகில் நின்ற வார்டு நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். அவள் சட்டையில் பேட்ஜ் இருந்தது. குட்டை வாயைப் பொத்திக்கொண்டாள். நர்ஸ் திரையை இழுத்து மூடிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

குட்டை நெட்டையை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பழைய விரிப்பைச் சுருட்டினாள், புதியதை விரித்தாள், மறுபக்கம் புரட்டினாள். வேண்டுமென்றே மெதுவாகச் செய்தாள். நெட்டை அவள் வேலையைப் பார்த்துக்கொண்டே, இந்த விரிப்புகள் மேஜையில் பார்க்கும்போது எவ்வளவு வெள்ளையாக இருக்கும், மேலே படுத்தால்தான் எவ்வளவு சொரசொரப்பு என்று தெரிகிறது என்றாள். கஞ்சி கொஞ்சம் குறைவாகப் போடச் சொல்லு என்றாள். பிறகு, அங்கே யார் கூட மடிக்கிறாய் என்று கேட்டாள். கம்பெனி வேறு ஆள் அனுப்பியிருப்பதை குட்டை சொன்னாள். உயரமா என்று கேட்டாள் நெட்டை. இல்லை என்றதும் திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

குட்டை ட்ராலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது நர்ஸ் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கும் இந்தக் கட்டில் விரிப்பு அழுக்காத்தான் இருக்கும்னு நினைக்கிறேன்” என்றாள், தலை நிமிராமல்.

ஆறு நாள் அழுக்காக இருந்தது. ஏழாவது நாள் குட்டை போனபோது கட்டிலில் விரிப்பே இல்லை. ரெக்சின் மெத்தையை ஒருவர் மருந்து போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நர்ஸ் குட்டையின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். விடியற்காலையில் என்றாள். குட்டைக்கு அழுகை வரும் என்று இருவரும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். வரவில்லை. மற்ற கட்டில்கள் காத்திருந்தன. குட்டை எழுந்து பதினெட்டு விரிப்புகளை மாற்றிவிட்டுக் கீழே போனாள்.

மூன்று நாள் கழித்து மனிதவள அதிகாரி சலவைப் பிரிவுக்கு வந்தார். அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. வழுக்குமோ என்று பார்த்துப் பார்த்துக் காலை வைத்து வந்து, குட்டையின் எதிரே நின்றார். நெட்டையின் தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. கான்ட்ராக்ட் கம்பெனியோ, மாற்று ஆள் அனுப்பியதோடு தங்கள் பொறுப்பு முடிந்தது என்று கடிதம் போட்டுவிட்டது. மார்ச்சுவரியில் இடம் நெருக்கடி. யாராவது கையெழுத்துப் போட்டு உடலை எடுத்துக்கொண்டால்தான் ஆகும்.

“நீங்கதான் அவங்களுக்குத் தங்கச்சி மாதிரி. ஆஸ்பத்திரிக்கே தெரியும்” என்றார்.

“உறவு இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கேங்க” என்றாள் குட்டை.

“அது உயிரோட இருந்தப்போம்மா.”

படிவத்தை அவரே நிரப்பிக்கொண்டு வந்திருந்தார். உறவு என்ற இடத்தில் ‘தங்கை’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. குட்டை அதை வெகுநேரம் பார்த்தாள். செவிப் பொறுப்பாளரும் எட்டிப் பார்த்தார். எழுத்துக்கு அவர் பொறுப்பில்லை என்பதால் சும்மா இருந்தார். குட்டை கையெழுத்துப் போட்டாள். நெருங்கிய உறவினர் இறந்தால் மூன்று நாள் விடுப்பு உண்டு. அது கிடைக்குமா என்று கேட்டாள். அதிகாரி உண்மையிலேயே சங்கடப்பட்டார். விடுப்பு என்று வந்தால் அந்த உறுதிமொழி குறுக்கே வருகிறது என்றார். வேண்டுமானால் அரை நாள் சொந்த விடுப்பு எடுத்துக்கொள்ளலாம். போகும்போது, அவள் கொடுத்த விண்ணப்பம் பரிசீலனையில்தான் இருக்கிறது, கைவிடவில்லை என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மதியம் மயானத்துக்கு நான்கு பேர் போனார்கள். குட்டை, டிப்போவில் சொல்லிவிட்டு வந்த அவள் கணவன், காலை இழுத்துக்கொண்டு பாய்லர்காரர். நர்ஸ் டியூட்டி முடிந்து, சட்டையிலிருந்த பேட்ஜைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, நேராக அங்கே வந்து சேர்ந்தாள். ஆம்புலன்ஸ்காரர் இறக்கிவிட்டு உடனே கிளம்பிவிட்டார். ஆண்கள் இருவரும் உள்ளே போய் வேண்டியதைப் பார்த்தார்கள்.

குட்டை அலுவலக ஜன்னலில் மருத்துவமனைத் தாள்களை நீட்டினாள். உள்ளே பனியனோடு உட்கார்ந்திருந்தவர் தடித்த நோட்டு ஒன்றில் நெட்டையின் பெயரை எழுதினார். அந்தப் பெயரை யாரோ ஒருவர் கை எழுதிப் பார்க்கக் குட்டைக்குப் புதிதாக இருந்தது. அடுத்து உறவைக் கேட்பார் என்று நினைத்து, என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றாள். படிவத்தில் இருப்பதைச் சொல்லலாமா, கம்ப்யூட்டரில் இருப்பதைச் சொல்லலாமா என்று யோசித்தாள். அவர் கேட்கவில்லை. நேரத்தை எழுதி, முத்திரையை ஊதிக் குத்தி, தாளைத் திருப்பிக் கொடுத்தார். அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தார்.

“கூடப் பிறந்தவங்களா?”

“ஒண்ணா வேலை பார்த்தோங்க.”

அவர் தலையாட்டினார். எத்தனை வருஷம் என்று கேட்டார். சொன்னாள்.

“இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும். வெயில்ல நிக்காதீங்க, அப்படி நிழல்ல போய் உட்காருங்கக்கா” என்றார்.

குட்டை சட்டென்று திரும்பிப் பார்த்தாள், யாராவது கேட்டு எழுதிக்கொள்கிறார்களா என்று. பின்னால் யாரும் இல்லை. போய் உட்கார்ந்தாள்.